மோட்டார் சைக்கிள் கிளப் காதல் நாவல்கள்: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

அமெரிக்க மோட்டார் சைக்கிள் கிளப்புகளை வைத்து ஆங்கிலத்தில் எழுதப்படும் காதல் நாவல்களை விடாமல் படிக்கிறவள் நான். பேச்சை எடுத்தாலே பாதிப் பேர் முகம் சுளிக்கிறார்கள், மீதிப் பேர் எதிலிருந்து தொடங்கலாம் என்று கேட்கிறார்கள். இரண்டு தரப்பும் திரும்பத் திரும்பக் கேட்பதை எடுத்து, எனக்குப் பட்ட பதிலோடு தந்திருக்கிறேன்.

கதை எப்படி இருக்கும்?

அமெரிக்காவில் ஏதோ ஒரு சின்ன ஊர். ஊருக்கு வெளியே கிளப்ஹவுஸ், பக்கத்திலேயே கிளப்புக்குச் சொந்தமான ஒர்க்‌ஷாப்போ பாரோ. நாயகன் கிளப்பின் தலைவன், இல்லையென்றால் அடிதடிக்குப் பொறுப்பானவன். நாயகி பெரும்பாலும் வெளியாள். இரவு ஷிஃப்ட் பார்க்கும் நர்ஸ், அடிக்கிற கணவனிடமிருந்து குழந்தையோடு தப்பி வந்தவள், கிளப்பின் வரிக்கணக்கைச் சரிபார்க்க வந்த அக்கவுண்டன்ட். சில கதைகளில் அண்ணன்காரன் கிளப் பணத்தைக் கையாடிவிடுவான், அது தங்கை தலையில் விடியும். இன்னும் சிலவற்றில் அவள் இறந்துபோன உறுப்பினர் ஒருவரின் மகள். அந்தச் சகவாசமே வேண்டாம் என்று ஓடிப்போனவள், அப்பாவின் இறுதிச் சடங்குக்குத் திரும்பி வருவாள். எனக்குப் பிடித்தது இந்தக் கடைசி வகைதான். உள்ளே என்ன நடக்கும் என்று தெரிந்தே போகிறாள் அல்லவா, வெறும் மயக்கத்தை வைத்து எழுத்தாளர் ஒப்பேற்ற முடியாது.

ஒரு அத்தியாயத்தை அவள் சொல்வாள், அடுத்ததை அவன் சொல்வான். எதிர்க் கிளப் ஒன்று மிரட்டும், உள்ளேயே ஒருவன் காட்டிக்கொடுப்பான், கடைசி ஐம்பது பக்கத்துக்குள் நாயகியைக் கடத்திவிடுவார்கள். யாரையும் கடத்தாத நாவல் கிடைத்தால் எனக்கும் சொல்லுங்கள்.

கட், பேட்ச், பிராஸ்பெக்ட், சர்ச்... இதெல்லாம் என்ன?

முதலில் அந்தக் கையில்லாத மேல்சட்டை. தோலிலோ டெனிமிலோ தைத்தது, அதைத்தான் கட் என்கிறார்கள். அதன் முதுகில் பேட்ச் என்னும் மூன்று துண்டுகள் தைத்திருக்கும். மேலே வளைவாகக் கிளப்பின் பெயர், நடுவில் சின்னம், கீழே வளைவாக அவர்கள் தங்களுடையது என்று சொல்லிக்கொள்ளும் ஊர் அல்லது மாநிலம். வளைந்த துண்டுகளுக்கு ராக்கர் என்று பெயர். சின்னத்தை ஒட்டி எம்.சி. (மோட்டார் சைக்கிள் கிளப்) என்ற எழுத்துகளோடு சின்னதாக ஒரு சதுரம் இருக்கும். கீழ் ராக்கரில் ஒரு மாநிலத்தின் பெயரைப் போட்டுக்கொள்வது சாதாரண விஷயமில்லை. அங்கே ஏற்கெனவே பெரிய கிளப் ஒன்று இருந்தால் அதுவே சண்டைக்குக் காரணமாகிவிடும். நாவல்களில் வரும் பாதிப் பகை இங்கிருந்துதான் கிளம்புகிறது.

சேர வந்திருக்கும் புதியவன் பிராஸ்பெக்ட். அவன் முதுகில் சின்னம் இருக்காது. பாரைத் துடைப்பான், மற்றவர்களின் பைக்குகளுக்குக் காவல் நிற்பான், நடுராத்திரியில் எங்கேயாவது பழுதாகி நிற்கும் வண்டியை எடுத்துவர டிரக்கை ஓட்டிக்கொண்டு போவான். மாதக்கணக்கில் இப்படி உழைத்த பிறகு அவன்மேல் ஓட்டெடுப்பு நடக்கும். பல கிளப்புகளில் ஒரே ஒருவர் வேண்டாம் என்று சொன்னாலும் போதும், கதை முடிந்தது.

பிரெசிடென்ட், வைஸ் பிரெசிடென்ட், பொருளாளர், செயலாளர் என்று பதவிகள் ஏதோ சங்கத்தில் இருப்பது மாதிரியே இருக்கும். கூடவே ஒழுங்கையும் பாதுகாப்பையும் கவனிக்கும் சார்ஜெண்ட் அட் ஆர்ம்ஸ், பயண வழியைத் தீர்மானிக்கும் ரோடு கேப்டன். உறுப்பினர் கூட்டம்தான் சர்ச். அந்த அறைக்குள் செல்போன் போகாது, பேட்ச் இல்லாதவரும் போக முடியாது. உறுப்பினரின் மனைவியோ நிரந்தரத் துணையோ ஓல்ட் லேடி. இருபத்திரண்டு வயதானாலும் அப்படித்தான்.

நிஜத்தில் இப்படிக் கிளப்புகள் உண்டா?

உண்டு. ஆனால் அமெரிக்காவில் பைக் ஓட்டுகிறவர்களில் பெரும்பாலோருக்கும் இதற்கும் சம்பந்தமில்லை. 1924இல் தொடங்கிய அமெரிக்கன் மோட்டார்சைக்கிளிஸ்ட் அசோசியேஷன் பந்தயம், ஊர் சுற்றல் என்று ஒழுங்காக நடந்துகொண்டிருந்த அமைப்பு. 1947 ஜூலையில் சுதந்திர தினத்தை ஒட்டி, கலிஃபோர்னியாவின் ஹாலிஸ்டர் என்ற சிற்றூரில் பந்தயம் வைத்தார்கள். ஊர் தாங்காத அளவுக்கு ஆட்கள் வந்துவிட்டார்கள். குடி, தெருவிலேயே ரேஸ், கைகலப்பு, கைது. ஊர் ஒன்றும் பற்றி எரியவில்லை. ஆனால் காலி பாட்டில்கள் சிதறிக் கிடக்க, பைக் மேல் ஒரு ஆள் பாட்டிலோடு சாய்ந்திருக்கும் படத்தை லைஃப் பத்திரிகை பெரிதாகப் போட்டது. அது ஏற்பாடு செய்து எடுத்த படமா என்ற சர்ச்சை இன்றுவரை ஓயவில்லை. மார்லன் பிராண்டோ நடித்து 1953இல் வந்த 'தி வைல்ட் ஒன்' படத்துக்கு விதை அந்தச் சம்பவம்தான். தோல் ஜாக்கெட் போட்ட முரட்டுப் பையனைப் பார்த்து ஊர்ப்பெண் தடுமாறும் கதை அந்தப் படத்திலேயே இருக்கிறது.

பைக் ஓட்டுகிறவர்களில் 99 சதவீதம் பேர் சட்டத்தை மதிக்கிறவர்கள் என்று அந்த அசோசியேஷன் அப்போது சொன்னதாக ஒரு கதை உண்டு. அப்படிச் சொன்னதற்குப் பதிவே இல்லை என்கிறது அசோசியேஷன். சொன்னார்களோ இல்லையோ, மிச்சமிருக்கும் ஒரு சதவீதம் நாங்கள்தான் என்று சில கிளப்புகள் அதையே பேட்சாகத் தைத்துக்கொண்டன. 1948இல் கலிஃபோர்னியாவில் தோன்றிய ஹெல்ஸ் ஏஞ்சல்ஸ், 1966இல் டெக்சாஸில் தோன்றிய பேண்டிடோஸ், 1969இல் மறுபடி கலிஃபோர்னியாவில் தோன்றிய மங்கோல்ஸ் எல்லாம் இந்தக் கணக்கில் வருகிறவர்கள். நாவல்களின் கிளப்புகள் இவற்றின் நிழல்கள்.

பேட்ச் எவ்வளவு பெரிய விஷயம் என்பதற்கு ஒரு வழக்கைச் சொல்கிறேன். மங்கோல்ஸ் கிளப்பின் சின்னத்துக்கான வணிகமுத்திரை உரிமையையே பறிமுதல் செய்ய அமெரிக்க அரசு வருஷக்கணக்கில் முயன்றது. 2018 கடைசியில் ஜூரி கிளப்பைக் குற்றவாளி என்றது. ஆனாலும் 2019இல் நீதிபதி, சின்னத்தைப் பறிப்பது பேச்சுரிமைக்கு விரோதம் என்று மறுத்துவிட்டார். நாவலில் ஒருவன் தன் கட்டைக் கழற்றி மேஜைமேல் வைக்கும் காட்சி வரும்போது இதை நினைத்துக்கொள்ளுங்கள். அது வெறும் சட்டையைக் கழற்றுவதில்லை.

நாவல்களில் ஏன் நிஜக் கிளப்பின் பெயரே வருவதில்லை?

வழக்குக்குப் பயந்துதான். ஹெல்ஸ் ஏஞ்சல்ஸ் தன் பெயரையும் சிறகு முளைத்த மண்டையோட்டையும் வணிகமுத்திரையாகப் பதிவு செய்திருக்கிறது. 2010இல் அலெக்சாண்டர் மெக்வீன் என்ற ஃபேஷன் நிறுவனத்தின்மீதே வழக்குப் போட்டவர்கள். தனியாக எழுதி விற்கும் எழுத்தாளர் எந்த மூலைக்கு?

இந்த அலை எப்போது கிளம்பியது?

2008 முதல் 2014 வரை ஓடிய 'சன்ஸ் ஆஃப் அனார்க்கி' என்ற மோட்டார் சைக்கிள் கிளப் தொலைக்காட்சித் தொடரை விட்டுவிட்டு இதைப் பேச முடியாது. மேஜை, ஓட்டெடுப்பு, பழைய தலைவரின் மகன் என்று எல்லாவற்றையும் வீட்டுக்கே கொண்டுவந்தது. அதே காலத்தில் அமேசானின் மின்னூல் கருவியான கிண்டில் வந்தது, பதிப்பாளர் தயவில்லாமல் எழுதியவரே வெளியிட முடிந்தது. 2012, 2013 வாக்கில் இந்த வகை தனி அலமாரியாகவே ஆகிவிட்டது. 2014இல் மாதச் சந்தா கட்டி மின்னூல்களை எடுத்துப் படிக்கும் கிண்டில் அன்லிமிடெட் வந்தது. அடுத்த வருஷமே வாசித்த பக்கக் கணக்குக்குப் பணம் என்று முறையை மாற்றினார்கள். பக்கத்துக்குப் பணம் என்றால் ஒரு புத்தகத்தோடு யாராவது நிறுத்துவார்களா? கிளப்பில் ஒன்பது பேர் என்றால் ஒன்பது நாவல். ஓரமாக நின்று பீர் குடித்துக்கொண்டிருக்கும் ஒருவனின் கண் நிறத்தை எழுத்தாளர் மெனக்கெட்டு வர்ணித்தால், அடுத்த புத்தகம் அவனுடையது.

குற்றவாளியைப் போய் நாயகனாக்கி ரசிக்கிறீர்களே?

முகம் சுளிக்கிறவர்களின் கேள்வி இது. நியாயமான கேள்விதான். 2015 மே மாதம் டெக்சாஸின் வேகோ நகரில், ஒரு உணவகத்தின் பார்க்கிங்கில் கிளப்புகளுக்குள் மோதல் வந்து, போலீசும் சுட்டு, 9 பேர் செத்தார்கள். 177 பேர் கைதானார்கள். நான்கு வருஷம் கழித்து மிச்சமிருந்த வழக்குகளும் கைவிடப்பட்டன, ஒருவரும் தண்டிக்கப்படவில்லை. இதில் காதலுக்கு எங்கே இடம் என்று கேட்டால் என்னிடம் பதிலில்லை.

கதையில் குற்றவாளி நாயகனாவது எனக்குப் பிரச்சினையில்லை. காவியத்திலேயே ஆகியிருக்கிறான். குற்றத்தை வெள்ளையடிப்பதுதான் பிரச்சினை. 'எங்கள் கிளப் போதைப்பொருளை விட்டு வருஷமாகிறது, இப்போது ஆயுதம் மட்டும்தான்' என்று நாயகன் ஒரு பத்தியில் சொல்லிவிடுவான். நாயகியும் பெருமூச்சு விடுவாள். அந்தத் துப்பாக்கி யார் கைக்குப் போகிறது என்று அவளும் கேட்கமாட்டாள், எழுத்தாளரும் கேட்கமாட்டார். எதிர்க் கிளப் மட்டும் எல்லாக் கெட்டதையும் செய்யும், நம்மவர்கள் செய்வதெல்லாம் 'குடும்பத்தைக் காப்பது'. இப்படிப் பூசி மெழுகுவதைவிட, ஆமாம் நான் கெட்டவன், நீ போய்விடு என்று சொல்கிற நாயகன் எவ்வளவோ மேல்.

பெண்ணைச் 'சொத்து' என்கிறார்களாமே?

ஆமாம். 'இன்னாரின் சொத்து' என்று எழுதிய பேட்சை உறுப்பினரின் துணைவி அணிவது நிஜக் கிளப்புகளிலும் உண்டு. நாவல்களில் அது கிட்டத்தட்டத் தாலி. கிளப்புக்குள் மற்றவர் கை அவள்மேல் படாது என்பதற்கான காப்பு என்று நாயகன் விளக்குவான். சரி, ஏன் காப்பு வேண்டியிருக்கிறது? பேட்ச் இல்லாத பெண்ணுக்கு அங்கே என்ன நடக்கும்? இந்தக் கேள்வியை நாயகி கேட்கிற நாவல்தான் எனக்கு வேண்டும்.

கிளப்ஹவுஸில் சுற்றிக்கொண்டிருக்கும் மற்றப் பெண்களை எப்படி எழுதியிருக்கிறார்கள் என்று கவனியுங்கள். பேட்ச் கிடைத்தவள் ராணி, கிடைக்காதவர்கள் பொறாமை பிடித்த கேவலப் பிறவிகள் என்று பிரித்துவிட்டால், நான் புத்தகத்தை மூடிவிடுவேன். எழுதுவது பெரும்பாலும் பெண்கள், படிப்பதும் பெண்கள். அப்படியிருந்தும் சமையலறையில் நாயகியோடு நிற்கும் இன்னொரு பெண்ணுக்கு ஒரு பெயரும் பின்கதையும் கொடுக்க மனம் வருவதில்லை. பெயர் கொடுத்த நாவல்களில், தலைவரின் மூத்த மனைவி ஒருத்தி வருவாள். சிறைக்குப் போன கணவனுக்காக வருஷக்கணக்கில் காத்திருந்தவள், கிளப்பின் ரகசியம் முழுக்கத் தெரிந்தவள், ஆனால் ஓட்டுரிமை இல்லாதவள். நாயகியைவிட அவளைத்தான் நான் ஆசையாகப் படிப்பேன்.

நல்ல நாவல் என்று எதை வைத்துச் சொல்வீர்கள்?

சர்ச் அறையின் அந்த மூடிய கதவை வைத்து. இந்த வகையில் கிளப்தான் மூன்றாவது ஆள். நாயகனுக்கு அவள்மேல் எவ்வளவு ஆசை என்பது முதல் அத்தியாயத்திலேயே தெரிந்துவிடும், அதில் சஸ்பென்ஸ் எதுவும் இல்லை. கிளப்புக்குக் கொடுத்த வாக்கும் அவளுக்குக் கொடுத்த வாக்கும் மோதும்போது அவன் எதை இழக்கிறான் என்பதில்தான் கதை இருக்கிறது.

'எங்கே போகிறாய்?' என்று கேட்பாள். 'கிளப் விஷயம்' என்பான். எல்லா நாவலிலும் இந்த இரண்டு வரி வரும். மோசமான நாவலில் அவள் இரண்டு பக்கம் கோபப்படுவாள், பிறகு முத்தம், பிறகு மறந்துவிடும். நல்ல நாவலில் அந்த வரி சேர்ந்துகொண்டே போகும். விடியற்காலை மூன்று மணிக்கு வந்து சட்டையைத் தனியாகத் துவைக்கிறவனிடம் அவள் எதுவும் கேட்காமல் சோப்பை எடுத்துக் கொடுப்பாள். கேட்காமல் இருக்கக் கற்றுக்கொண்டுவிட்டோம் என்று அவளுக்கே அப்போதுதான் உறைக்கும். சத்தமே இல்லாத அந்தக் காட்சி, நாலு துப்பாக்கிச் சண்டையை விட என்னைக் கலங்கடிக்கும்.

அடுத்தது ஓட்டெடுப்பு. அவள் சாட்சி சொல்லப் போகிறாளோ என்ற சந்தேகத்தில் மேஜையைச் சுற்றி உட்கார்ந்திருக்கிறார்கள் என்று வையுங்கள். ஒவ்வொருவராகச் சொல்லிக்கொண்டு வரும்போது, நாயகனோடு பதினைந்து வருஷம் சேர்ந்து ஓட்டியவன் அவளுக்கு எதிராகக் கை தூக்குகிறான். அவன் வில்லன் இல்லை, அவன் பக்கத்திலும் நியாயம் இருக்கிறது. அந்த நட்பு அதற்குப் பிறகு என்ன ஆகிறது என்பதை எழுத்தாளர் தொடர்ந்தால் அது நாவல். நாயகன் அவனை ஒரு குத்து விட்டான், அடுத்த அத்தியாயத்தில் சேர்ந்து பீர் குடித்தார்கள் என்றால், கிளப் அங்கே வெறும் வேஷம்தான். கட்டைக் கழற்றிவிட்டுக் கோட்டு மாட்டிவிட்டால் கோடீஸ்வரக் காதல் நாவல் ஆகிவிடும்.

பைக் விவரமெல்லாம் சரியாக இருக்குமா?

ஆளைப் பொறுத்தது. நாயகன் ஹார்லி டேவிட்சன் ஓட்டுவான், அதில் தப்பில்லை. இத்தகைய கிளப்புகள் பலவற்றில் அமெரிக்க வண்டிதான் விதி. ஆனால் நெடுஞ்சாலையில் முழு வேகத்தில் போய்க்கொண்டே அவள் காதில் ரகசியம் சொல்வான் பாருங்கள், அங்கேதான் சிரிப்பு வரும். அந்த வி ட்வின் இன்ஜின் சத்தத்தில், எதிர்க்காற்றில், கத்தினாலே கேட்காது.

பின்னால் உட்கார்ந்து போன அனுபவம் உள்ள எழுத்தாளரை உடனே அடையாளம் கண்டுவிடலாம். சூடான புகைக்குழாயில் கெண்டைக்கால் படாமல் காலை எங்கே வைப்பது என்று எழுதுவார். வளைவில் வண்டி சாயும்போது பயந்து எதிர்ப்பக்கம் சாயக் கூடாது, அவனோடு சேர்ந்தே சாய வேண்டும் என்று நாயகி கற்றுக்கொள்வாள். ஒரு மணி நேரம் ஆனதும் காதலெல்லாம் போய் இடுப்பு வலிதான் மிஞ்சும். அதையும் எழுதுவார்.

ஹெல்மெட் இன்னொரு சோதனை. கலிஃபோர்னியாவில் 1992 முதல் எல்லா வயதினருக்கும் ஹெல்மெட் கட்டாயம். அங்கே நடக்கும் கதையில் நாயகன் தினமும் போலீஸ்காரர் முன்னாலேயே தலைமுடி பறக்கப் போனால் எழுத்தாளர் வீட்டுப்பாடம் செய்யவில்லை என்று அர்த்தம். தலைமுடி பறக்கவேண்டுமென்றால் கதையை இல்லினாய், அயோவா, நியூ ஹாம்ப்‌ஷயர் பக்கம் கொண்டுபோகலாம். அங்கெல்லாம் வயது வந்தவருக்கு அந்தக் கட்டாயம் இல்லை.

நாயகி ஓட்டவே மாட்டாளா?

ஓட்டுகிறவள் அபூர்வம். பாரம்பரியமான கிளப்புகளில் பெண்ணுக்கு உறுப்பினராகும் உரிமை இல்லை என்பதை நாவலும் அப்படியே எடுத்துக்கொள்கிறது. ஆனால் நிஜத்தில் மோட்டார் மெய்ட்ஸ் என்ற பெண்கள் கிளப் 1940இலேயே தொடங்கிவிட்டது. பெஸ்ஸி ஸ்ட்ரிங்ஃபீல்ட் என்ற கறுப்பினப் பெண் 1930களிலேயே தனியாகப் பைக்கில் அமெரிக்காவைச் சுற்றி வந்தவர். கறுப்பின ஆண்களும் 1959இல் ஓக்லண்டில் ஈஸ்ட் பே டிராகன்ஸ் என்று தங்களுக்கென ஒரு கிளப் தொடங்கினார்கள். இவ்வளவு வளமான சரித்திரம் பக்கத்திலேயே இருக்க, நாவல் உலகம் மட்டும் பச்சை குத்திய வெள்ளைக்காரனின் மார்பையே அட்டைப்படமாகப் போட்டுக்கொண்டிருக்கிறது. அதிலும் தலை இருக்காது, கழுத்தோடு வெட்டிவிடுவார்கள்.

படுக்கையறைக் காட்சிகள்?

நிறைய. ஒளிவுமறைவில்லாமல். ஒத்துவராதென்றால் இந்த வகையே வேண்டாம்.

டார்க் ரொமான்ஸும் இதுவும் ஒன்றா?

இல்லை. டார்க் ரொமான்ஸ் என்பது வன்முறையும் கட்டாயமும் கலந்த இருண்ட காதல் கதை. ஆனால் எல்லை மங்கல். சில கிளப் நாவல்களில் குடும்பப் பாசம்தான் தூக்கல், சிலவற்றில் கடத்தலும் வன்கொடுமையும் நாயகன் கையாலேயே நடக்கும். இப்போது பல எழுத்தாளர்கள் முன்பக்கத்திலேயே எச்சரிக்கை போடுகிறார்கள். கதை தெரிந்துவிடுமே என்று அதைத் தாண்டிப் போகாதீர்கள். என் கோடு இதுதான்: அவள் வேண்டாம் என்று சொன்னதை அவன் கேட்டானா? கேட்காதவனை, பிறகு அழுதான் என்பதற்காக நான் மன்னிப்பதில்லை. மன்னிக்கிற வாசகிகளும் இருக்கிறார்கள். கற்பனைக்குள் பயத்தைப் பத்திரமாகத் தொட்டுப் பார்க்கிறோம் என்பது அவர்கள் வாதம். அதில் பொய்யில்லை, எனக்குத்தான் ஒத்துவரவில்லை.

முடிவு எப்போதும் சுபம்தானா?

சுபம்தான். காதல் நாவல் என்று விற்றால் முடிவு நம்பிக்கை தரவேண்டும் என்பது அந்தத் துறையில் எழுதாத ஒப்பந்தம் மாதிரி. சோகமாக முடித்தால் வாசகிகள் கிழித்துவிடுவார்கள். எனக்கு ஆட்சேபம் பின்னுரை அத்தியாயத்தில். இரண்டு வருஷம் கழித்து, கிளப்ஹவுஸ் முற்றத்தில் கறி சுட்டுக்கொண்டு, அவள் மடியில் கைக்குழந்தை, முந்தைய நாவல்களின் ஜோடிகளெல்லாம் வரிசையாக வந்து முகம் காட்டிவிட்டுப் போவார்கள். போன அத்தியாயத்தில் ஒருவன் செத்தானே, அவன் மனைவி எங்கே? அவளையும் அந்த விருந்தில் ஒரு மூலையில் உட்காரவைக்கிற எழுத்தாளருக்கு நான் முழு மதிப்பெண் போட்டுவிடுவேன்.

வரிசையில் எதிலிருந்து தொடங்குவது?

முதல் புத்தகத்திலிருந்துதான் என்று சட்டமில்லை. முதல் புத்தகத்தில் பாதி நேரம் ஆட்களை அறிமுகப்படுத்தவே போய்விடும், எழுத்தாளருக்கும் கை பழகியிருக்காது. இரண்டாவதோ மூன்றாவதோ பெரும்பாலும் நன்றாக இருக்கும். ஐந்தாவதைத் தாண்டினால் பழைய ஜோடிகளின் நலம் விசாரிப்பே கதையாகிவிடுகிறது.

பிடிக்கவில்லையென்றால் எவ்வளவு தூரம் பொறுத்துப் பார்க்கலாம்?

முதல் சர்ச் காட்சிவரை. அந்த மேஜையில் நாயகனைத் தவிர இன்னும் மூன்று பேரையாவது குரலை வைத்தே பிரித்தறிய முடிகிறதா என்று பாருங்கள். முடியவில்லையென்றால் அதற்குமேல் முடியப்போவதில்லை, வேறு புத்தகத்துக்குப் போய்விடலாம். கிண்டில் அன்லிமிடெடில் எடுத்ததென்றால் திருப்பிக் கொடுக்கக் கூடுதல் செலவும் இல்லை.